ஒரு புள்ளிக்கு எத்தனை காசு

ஜூன் 3, செவ்வாய்

வெந்நீர்க் குழாய் இன்றும் சரியாகவில்லை. பிளம்பர் “நாளைக்கு” என்கிறார். அவருடைய நாளை எந்தக் கிழமையில் வரும் என்று தெரியவில்லை.

விமானக் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல். மூன்று வருடமாக நான் எங்கும் பறக்காததால், என் கணக்கில் கிடக்கும் 1,86,400 புள்ளிகளும் இம்மாதம் முப்பதாம் தேதியோடு காலாவதியாகின்றனவாம். ஏதோ விளம்பரம் என்று அழிக்கப் போனேன். இவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டார்.

“இரு இரு. ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரமா? அதைப் போய் அழிக்கிறியே.”

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எண்ணைக் கண்டால் விடமாட்டார். “ஒரு புள்ளி எத்தனை காசு பெறும்?” என்று கேட்டார். பதினேழு வருடம் பறந்து பறந்து சேர்த்தவள் நான். ஒரு நாள்கூட என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை.

ஜூன் 5, வியாழன்

இரண்டு நாளாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. பழைய மாதிரித் தேர்வுத் தாள்களின் முதுகில் கணக்குப் போட்டு முடித்திருக்கிறார்.

கம்பெனிக் கடையில் குக்கர் வாங்கினால் நாற்பதாயிரம் புள்ளி. அதே குக்கர் நம் தெருக்கோடிக் கடையில் இரண்டாயிரத்து எண்ணூறு. ஆக, புள்ளிக்கு ஏழு காசு. பரிசுச் சீட்டாக மாற்றினால் பன்னிரண்டு காசு. மகன் இருக்கும் ஊரிலிருந்து வந்து போக ஒரு சாதாரண டிக்கெட், தொண்ணூறாயிரம் புள்ளி. வரி தனி. அதில் புள்ளிக்கு அறுபத்துநான்கு காசு தேறுகிறது. கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகிற வகுப்பில் போனால் நூற்றுப் பதினைந்து காசு.

“ஒரே புள்ளி. ஏழு காசுக்கும் போகுது, நூத்திப் பதினைஞ்சுக்கும் போகுது. இதுக்கு விலைன்னு ஒண்ணு கிடையாது. நீ எதுக்குக் கொடுக்கறியோ அதான் விலை” என்றார். வகுப்பில் பாடம் முடிக்கிற அதே குரல். சாக்பீஸ் தட்டுகிற மாதிரி கையை வேறு தட்டிக்கொண்டார்.

“அவனுக்கு டிக்கெட் போடலாமா?” என்று கேட்டேன். தாளை மடித்தார். “கேட்டுப் பாரு. லீவு இல்லைம்பான்.”

மூன்று வருடமாக அப்படித்தான் சொல்கிறான். பாலம் கட்டும் கம்பெனி. பாலம் ஓடியா போகும்?

ஜூன் 8, ஞாயிறு

மகன் பேசினான். ஆறு நிமிடம். டிக்கெட் பற்றி வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அவன் வைத்தபின் விமானக் கம்பெனியின் பக்கத்தில் போய் என் முழுப் பயணப் பட்டியலையும் இறக்கினேன். பதினோரு பக்கம். நூற்றுத் தொண்ணூற்று நான்கு பயணங்கள். தேதி, இடம், புள்ளி. அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு வாசனை அடிக்கிறது.

முதல் வரி, முந்நூற்று நாற்பது புள்ளி. எனக்கு முப்பத்தைந்து வயது. துணி வாங்கும் கம்பெனியில் தர ஆய்வாளர் வேலை. தொழிற்சாலைகளுக்குப் போய், சட்டைகள் பெட்டியில் ஏறுமுன் தையலும் அளவும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த முதல் பயணத்தில் பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் முடிச்சுப் போட்டிருந்தேன். பக்கத்து சீட் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் பெல்ட்டைக் கழற்றி, எனக்குத் தெரிகிற மாதிரி மெதுவாக மறுபடி மாட்டினார்.

நான்காம் பக்கத்தில் ஒரு பிப்ரவரி. ஆறாயிரம் சட்டைகளில் இடது கை அரை அங்குலம் குட்டை. இஸ்திரி ஆவி சூழ்ந்த கூடத்தில் நாள் முழுதும் டேப்போடு நின்றேன். தையல் பிரிவுப் பொறுப்பாளர் அம்மா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், முதலில் என்னோடு சண்டை போட்டார். பிறகு அழுதார். பிறகு தன் சாப்பாட்டில் பாதியைப் பிரித்து என் முன் வைத்தார். இரண்டு பேரும் நூல் மூட்டைகள் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. இரண்டு பேருடைய கணவன்மாரையும் நன்றாகவே கிண்டல் செய்தோம்.

வெள்ளி அட்டை வந்த வருடம். அந்த அட்டை இருந்தால் தனியாக ஓர் அறையில் உட்கார வைத்து பிஸ்கட் கொடுப்பார்கள். முதல் முறை கூச்சத்தில் ஒன்றே ஒன்று எடுத்தேன். மூன்றாம் முறை கைக்குட்டையில் நாலைந்தை மடித்து மகனுக்குக் கொண்டுவந்தேன். “பிளேன் பிஸ்கட்” என்பான். வாரக்கணக்கில் எறும்பு வருகிறவரை வைத்திருப்பான்.

நல்ல காலம்தான் அது. பெருமையாக இருந்தது. இதை எழுதக் கூடாதா என்ன? பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும்போது அந்தச் சக்கரச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

ஜூன் 9, திங்கள்

பட்டியலிலேயே நாள் போயிற்று. சாதம் அடிப்பிடித்தது.

ஜூன் 10, செவ்வாய்

தேடக் கூடாது என்று இருந்தேன். தேடினேன்.

பதினைந்து வருடத்துக்கு முந்தைய அக்டோபர். மகனுக்குப் பதினோரு வயது. செப்டம்பர் 28-இல் போனது இருக்கிறது. நவம்பர் 2-இல் திரும்பியது இருக்கிறது. நடுவே ஒன்றும் இல்லை. வெள்ளை.

ஆனால் நான் வந்தேனே. அக்டோபர் 14.

குடல்வால் வெடித்து அவனை ஆபரேஷன் மேசையில் கிடத்தியிருக்கிறார்கள் என்று இவர் போன் செய்தபோது நான் தொழிற்சாலையில் பொத்தான்களை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வழக்கமாகப் பறக்கும் கம்பெனியின் விமானம் மறுநாள்தான். வேறொரு கம்பெனியில் கைக்காசு போட்டு, இரண்டு இடத்தில் மாறி, மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தேன். ஆபரேஷன் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான்கு மணி நேரம் பக்கத்தில் இருந்தேன். பிறகு கிளம்பிவிட்டேன். மறுநாள் என் கையெழுத்து இல்லாமல் கப்பல் பெட்டி மூடாது. மூடாவிட்டால் வேலை போகும். இவர் பள்ளியில் ஐந்து மாதமாகச் சம்பளம் வராத சமயம் அது.

“அம்மா வந்துட்டுப் போனாடா” என்று இவர் சொன்னபோது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். நம்பவில்லை. அதன்பின் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. மரியாதையாகத்தான் இருக்கிறான். மரியாதையாக மட்டும்தான்.

அதனால் வேறு கம்பெனி விமானம் என்று தெரிந்தும் தேடினேன். இந்தப் பட்டியலிலாவது இருக்காதா என்று.

ஜூன் 12, வியாழன்

விமானக் கம்பெனிக்குப் போன் செய்தேன். அந்த இன்னொரு கம்பெனி இவர்களோடு கூட்டு வைத்திருந்ததாம். விட்டுப்போன பயணத்தைச் சேர்க்க ஒரு வழி உண்டாம். சேவைப் பிரிவில் ஒரு பெண், நல்ல மாதிரி.

“போர்டிங் பாஸ் இருக்கா மேடம்?”

இல்லை.

“பயணம் முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள சொல்லியிருக்கணும் மேடம். இது பதினைஞ்சு வருஷம் ஆகுது.”

“எனக்குப் புள்ளி வேணாம்மா. அன்னிக்கு நான் போனேன்னு ஒரு வரி அதுல இருந்தா போதும்.”

அந்தப் பக்கம் அவள் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. “எங்க கணினி அவ்வளவு பின்னாடி போகாது மேடம். போனா கட்டாயம் போட்டுக் கொடுத்துடுவேன்” என்றாள்.

இவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். “மிஞ்சிப்போனா ஆயிரத்துத் தொள்ளாயிரம் புள்ளி. பன்னிரண்டு காசுன்னு வச்சாலும் இருநூத்தி இருபத்தெட்டு. அதுக்காகவா இவ்வளவு நேரம் அவங்ககிட்ட...” என்று ஆரம்பித்தவர், நான் குறித்து வைத்திருந்த தேதியைத் தாளில் பார்த்தார். உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். இரண்டு பேரும் அப்படியே குடித்தோம்.

ஜூன் 15, ஞாயிறு

ஐம்பத்திரண்டு நிமிடம். எழுதிவிடுகிறேன், மறக்குமுன். மறக்குமா?

வழக்கம் போலச் சாப்பிட்டியா, அங்கே குளிரா, அப்பா முட்டி எப்படி இருக்கு. பிறகு டிக்கெட் விஷயம் சொன்னேன். “உன் புள்ளிம்மா. நீ எங்கேயாவது போயிட்டு வா” என்றான்.

“எனக்குப் போய்ப் போய் அலுத்துடுச்சு. நீ வா.”

“லீவு பார்க்கணும்மா.”

அதோடு விட்டிருக்கலாம். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பட்டியலில் ஒரு பயணம் விட்டுப்போயிருக்குடா என்றேன். எது என்றான். “உனக்கு ஆபரேஷன் ஆனப்போ வந்தது.”

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

“நான் வந்தேன்டா. நீ தூங்கிட்டு இருந்த. உனக்குத் தெரியாது—”

“தெரியும்மா.”

“அப்பா சொன்னதை நீ—”

“அப்பா சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். முழிச்சதும் கையைப் பார்த்தேன். நகமெல்லாம் வெட்டியிருந்தது. அப்பா வெட்டினா சதையோட வெட்டுவார். அது ஒழுங்கா இருந்தது.”

நகமா? வெட்டினேனா? ஆமாம்— நர்சிடம் நகவெட்டி கேட்டேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல். சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

“அப்புறம் ஏன்டா இத்தனை வருஷம்...”

“நீ வரலைன்னு எனக்குக் கோபமே இல்லம்மா. வந்துட்டு, எழுப்பாம போனியே. அதான்.”

டாக்டர் எழுப்ப வேண்டாம் என்றார் என்று சொன்னேன். சரி என்றான். அந்தச் சரியை எனக்குத் தெரியும். பதினைந்து வருடமாகக் கேட்கிற சரி. அப்போதுதான் அந்த உண்மை வாயிலிருந்து வந்தது. யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டதுகூட இல்லை.

“டாக்டர் இல்லடா. நீ கண்ணைத் திறந்து அம்மான்னு கூப்பிட்டிருந்தா என்னால கிளம்பியிருக்க முடியாது. அதான் எழுப்பல. பயந்துட்டேன்.”

“அது எனக்குத் தெரியாது” என்றான். சின்னக் குரல். மூக்கை உறிஞ்சினான். நானும்தான், மறைப்பானேன்.

பிறகு, “கிளம்பினப்போ ஏதாவது சாப்பிட்டியா?” என்று கேட்டான். பதினைந்து வருடம் கழித்துக் கேட்கிறான். இல்லடா என்றேன்.

“அந்தப் பட்டியலைப் படி” என்றான். படித்தேன். தேதியைச் சொன்னால் அன்றைக்கு இங்கே என்ன நடந்தது என்று அவன் சொல்கிறான். மார்ச் 9— அப்பா பாலைப் பொங்கவிட்டு அடுப்பை அணைத்துவிட்டார். ஜூலை 21— முன்பல் விழுந்தது, எனக்காகத் தீப்பெட்டியில் போட்டு வைத்தான், தீப்பெட்டியே காணாமல் போயிற்று. அந்த நூல் மூட்டைச் சாப்பாட்டுக் கதையை அவனிடம் சொன்னேன். சிரித்தான். இத்தனை நாள் என் பாதியும் அவன் பாதியும் தனித்தனியாகக் கிடந்திருக்கின்றன.

ஐந்தாம் பக்கத்தில் அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

“நிஜமாவே நான் சதையோட வெட்டுவேனா?” காலையிலிருந்து மூன்றாம் முறை கேட்கிறார்.

ஜூன் 19, வியாழன்

மகனே கூப்பிட்டான். வியாழக்கிழமையில்! ஆகஸ்டில் மூன்று வாரம் லீவு கிடைத்துவிட்டதாம். பாலம் ஒன்றும் விழுந்துவிடாது என்றான்.

இவர், படுத்துக்கொண்டு வருகிற வகுப்பில்தான் போட வேண்டும், அதில்தான் புள்ளிக்கு நூற்றுப் பதினைந்து காசு என்று நின்றார். மகன் ஒத்துக்கொள்ளவில்லை. “சாதாரண டிக்கெட் ரெண்டு போடும்மா. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணுல நான் திரும்பும்போது நீ கூட வா. சும்மா ஊர் பார்க்கன்னு நீ பிளேன்ல ஏறியிருக்கியா?”

இல்லை. நூற்றுத் தொண்ணூற்று நான்கில் ஒன்றுகூட இல்லை.

“அப்பா டிக்கெட் என்னோடது” என்றான்.

“அப்ப அறுபத்துநாலு காசுதான்” என்று இவர் பெருமூச்சு விட்டார். ஆனால் பாஸ்போர்ட்டுக்குப் புகைப்படம் எடுக்கப் போகிறேன் என்று சட்டையை மாற்றிக்கொண்டிருந்தார்.

ஜூன் 30, திங்கள்

மீதி 6,400 புள்ளிகள். டிக்கெட் போட்டதால் கணக்கு இன்னும் மூன்று வருடம் உயிரோடு இருக்குமாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிளம்பர் வந்தார்.

ஆகஸ்ட் 2, சனி

மகன் குளிக்கப் போயிருக்கிறான். அதற்குள் இரண்டு வரி.

இத்தனை வருடம் விமான நிலையக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறவள் நான். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றதே இல்லை. இன்றுதான் முதல் முறை. எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. இவருக்கு எல்லாம் தெரிகிறது. “அங்க வேணாம், இங்க வா. இங்க நின்னா கதவு திறக்கும்போது பெட்டி சுத்துற பெல்ட் வரைக்கும் பார்க்கலாம்” என்று தூண் ஓரமாக அழைத்துப் போனார். எந்த டீ இயந்திரம் சில்லறையை விழுங்கும், எந்த நாற்காலிக்குக் கால் ஆடும் என்பதெல்லாம் அத்துப்படி. “சின்ன வயசுல அவன் இந்தக் கம்பி மேலதான் ஏறி உட்காருவான். காவலாளி இறக்கி விடுவார். மறுபடி ஏறுவான்” என்றார்.

விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். கதவு திறக்கும்போதெல்லாம் நெஞ்சு ஒரு தடவை எழும்பி, யாரோ எவரோ வர, உட்கார்ந்தது. முட்டி வலிக்கும், உட்காருங்கள் என்றேன். கேட்கவில்லை. நானும் உட்காரவில்லை.

கடைசியில் வந்தான். இளைத்திருக்கிறான். தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, கூட்டத்தில் எங்களைத் தேடினான். கையைத் தூக்கினேன்.

கிட்டே வந்து என் தோளில் கை போட்டுக்கொண்டு, “ரொம்ப நேரமா நிக்கறீங்களா?” என்று கேட்டான்.

“இல்லடா, இப்பதான் வந்தோம்” என்றார் இவர்.

இரண்டே முக்கால் மணி நேரம் நின்றிருந்தோம். நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை நான் வந்து இறங்கியபோதும், இதே இடத்தில், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, எனக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறார்.