முள் இல்லாத உல்லம்

வெகுதானிய வருஷம், ஆவணி 12.

காய்ச்சலில் கிடக்கும் என் மனைவி சில நாளாக உல்ல மீன் கேட்கிறாள். கடலிலிருந்து புதுவெள்ளத்தை எதிர்த்துக் காவிரியில் ஏறி வரும் மீன் அது. உடம்பெல்லாம் முள். வாங்காமல் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு இன்று ஜேடர்பாளையம் போனேன்.

"மேட்டூர்ல அணை கட்டுன பொறவு உல்லம் இங்க ஏறி வாரதில்லீங்க. விரால் இருக்குது, எடுத்துக்கறீங்களா?" என்றான் பரிசல்காரன். அவனோடு சண்டை போட்டேன். கடைசியில் விராலையே வாங்கி வந்தேன்.

உல்லம் என்று சொல்லித்தான் ஊட்டினேன். காய்ச்சலில் நாக்குச் செத்திருந்ததால் அவளுக்கு ருசி தெரியவில்லை. ஆனால் இரண்டாவது வாயிலேயே, "ஏனுங்க, முள்ளே இல்லீங்களே?" என்றாள்.

"நான் எடுத்துட்டேன் புள்ள."

அவள் என்னையே பார்த்தாள். "உல்லத்துல முள்ளு எடுத்தீங்களா, இந்த மங்கக் கண்ண வெச்சுக்கிட்டு? உங்க மனசு கல்லுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறனுங்களே" என்று சிரித்தாள். பிறகு அழுதாள். கிண்ணத்தில் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. நாளைக்கும் உல்லந்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அணை கட்டியதற்கு நான் என்ன செய்வேன்? விராலும் நல்ல மீன்தான். இப்படிச் சொல்லிப் பார்த்தும் மனம் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் சாப்பிட மாட்டாள். சொல்லப் போவதில்லை.

காலையில் ஆற்றுக் கெண்டை வாங்க வேண்டும். அதில் முள் அதிகம். இன்று எடுத்ததாகப் பொய் சொன்னதை நாளை ஒவ்வொன்றாக நானே எடுக்க வேண்டும். இந்த எழுத்தே எனக்கு இரண்டாகத் தெரிகிறது.