யாரும் கை வைக்காத வண்டி

கிரிஃபித்
26 பிப்ரவரி

மரியாதைக்குரிய சில்வானோ பொர்த்தோலின் அவர்களுக்கு,

மாதா கிருபையால் கால் மூட்டைத் தவிர இங்கே எல்லாம் சுகம். யார் வீட்டுக்குக் கடிதம் போட்டோம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா, அதனால் முதலில் எங்கள் பேரப்பிள்ளைகளைச் சொல்லிவிடுகிறேன். பெரிய பேத்தி தனியேலா வாகா என்ற ஊரில் மருந்துக்கடை நடத்துகிறாள். டாக்டர் எழுதிய சீட்டையே தப்பென்று திருப்பி அனுப்பியவள். மர்ச்செல்லோ ஒயின் ஆலையில் இருக்கிறான். அவன் மூக்கு சரியென்று சொன்னால்தான் அங்கே பீப்பாய் நகரும். சின்னவள் ஜூலியா நீச்சலில் வாங்கிய கோப்பைகளுக்காக என் கல்யாணத் தட்டுகளையே அலமாரியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ரெனாட்டோ ஆரஞ்சுக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கால்பந்தில் கோலி. யாரிடமும் கை நீட்டாமல் தன் சம்பாத்தியத்திலேயே அந்தப் பெரிய மோட்டார் சைக்கிளை வாங்கினான்.

நீங்கள் எழுதியது அவனுக்குத்தான். அவன் போன ஏப்ரலில் அந்த வண்டியோடு விழுந்து இறந்துவிட்டான். அதனால் நான் பிரித்தேன்.

அந்த வகை வண்டியின் ஒயரில் கோளாறு, கம்பெனி காது கொடுக்கவில்லை, அரசாங்கத்தில் முறையிட எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இந்த நாட்டுக்குக் கப்பலேறும் முன், சொந்த ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாட்டியின் கையெழுத்து செல்லுமென்றால் கீழே போட்டிருக்கிறேன்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். ரெனாட்டோ இன்னும் வருகிறான். சில நாள் சாயங்காலம் வேலை விட்டு வரும் நேரத்துக்கு, ஷெட்டில் நிற்கும் அந்த வண்டி ஹாரன் அடிக்கிறது. உள்ளே யாரும் இருப்பதில்லை. உயிரோடு இருந்தபோதும் வாசலில் அப்படித்தான் அடிப்பான். நானும் பழைய மாதிரியே, "வந்துட்டியா? கையைக் கழுவிட்டு வா" என்று குரல் கொடுப்பேன்.

என் மகள் ஒர்னெல்லா, அவனைப் பெற்றவள், காதைப் பொத்திக்கொள்கிறாள். "அம்மா, பேய்க்குப் பதில் சொல்றியா நீ? வண்டியை வித்துத் தொலைக்கிறேன் பாரு" என்கிறாள். "பேயா? உன் பிள்ளைடி அது!" என்றேன்.

வண்டி விவரம் தெரிந்தவர் சொன்னால் கேட்பாள். விற்க வேண்டாமென்று அவளுக்கு நான்கு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
செராஃபினா லகானா

பொர்த்தோலின் என்றால் நீங்கள் வடக்கே வெனெத்தோ ஆட்கள்தானே? நாங்கள் தெற்கத்திக்காரர்கள். பரவாயில்லை. சோளக்களி தின்பவர்களிலும் நல்லவர்கள் உண்டு.

*

மிர்ட்டில்ஃபோர்ட்
4 மார்ச்

அன்புள்ள செராஃபினா அம்மாவுக்கு,

சோளக்களி தின்பவன் எழுதுகிறேன். உங்கள் வீட்டு இழப்பு தெரியாமல் பிள்ளையின் பெயருக்குக் கடிதம் போட்டுவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மோட்டார் சைக்கிள் சங்கப் பட்டியலில் அவன் பெயர் அப்படியே இருக்கிறது. இனி அதை அடித்துவிடவும் மனம் வரவில்லை.

நான் ஏன் இதில் இறங்கினேன் என்று சொல்கிறேன். போன குளிர்காலத்தில் மலைப்பாதையில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் என் மகள் பியாங்கா. ஒரு வளைவில் விளக்கும் என்ஜினும் ஒரே நொடியில் செத்துப்போயின. கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. என் முதுகில் அவள் விரல்கள் பதிந்தது இன்னும் தெரிகிறது. வேலியில் முட்டி நின்றோம். பிழைத்தோம். அதே வண்டி வைத்திருக்கும் வேறு பலருக்கும் அப்படி நடந்திருக்கிறது.

அம்மா, சில கேள்விகள். வண்டி திரும்பி வந்த பிறகு யாராவது பழுது பார்த்தார்களா? பேட்டரி ஒரு வருஷம் எப்படி உயிரோடு இருக்கிறது? ஹாரன் எந்த மாதிரி நாட்களில் அடிக்கிறது? உங்கள் மகளுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், விற்க வேண்டாமென்று. ஏன் கேட்கிறேன் என்பதைப் பதில் வந்ததும் சொல்கிறேன்.

அன்புடன்,
சில்வானோ

*

கிரிஃபித்
11 மார்ச்

தம்பி சில்வானோவுக்கு,

உங்கள் மகள் பிழைத்தாள் என்று படித்ததும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

வண்டியை யாரும் தொடவில்லை. போலீஸ்காரர்கள் கொண்டுவந்து நிறுத்தியபடி நிற்கிறது. எங்கள் பக்கத்தில் வருஷப் பூசை முடியும் வரை இறந்தவன் பொருளைத் துடைக்கவும் மாட்டோம், ஒட்டவும் மாட்டோம். அவன் சட்டை கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்குகிறது. வண்டியில் வாய்க்கால் மண்கூட இருக்கிறது. மர்ச்செல்லோ திருப்புளியோடு வந்தான். "கையை எடுடா. உன் மூக்கு பீப்பாயோட நிக்கட்டும்" என்று விரட்டினேன்.

பேட்டரியைக் கேட்டீர்கள். சுவரில் ஒரு சார்ஜர் இருக்கிறது. "நோன்னா, வண்டி நிக்கிறப்போ இந்த ஒயரை மாட்டி வையி, சுவிட்சை மட்டும் அணைக்காதே, பேட்டரி செத்துடும்" என்று அவன் சொல்லியிருந்தான். வண்டி வந்த அன்றைக்கே மாட்டினேன். சாகக் கூடாது என்று அவன் சொன்ன ஒன்றையாவது காப்பாற்ற வேண்டாமா?

வெயில் கொளுத்தும் நாளில்தான் வருகிறான். தகரக் கொட்டகையில் பகலில் ரொட்டி சுடலாம். பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்ததும் ஹாரன் கேட்கும். மழை நாளில் வருவதில்லை. அவனுக்கு மழை பிடிக்காது.

ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது, தம்பி. அவன் வேகமாகப் போய்த்தான் விழுந்தான் என்று போலீஸ் எழுதிவிட்டது. இருட்டும் நேரம், வாய்க்கால் பாலம், பின்னால் திராட்சை லாரி. லாரிக்காரன், முன்னால் போன வண்டியில் விளக்கையே பார்க்கவில்லை என்றான். அதை யாரும் எழுதவில்லை. கோயில் வாசலில் பெண்கள், "இந்தக் காலத்துப் பசங்க எங்கே நிதானமா போறாங்க" என்று என் காதில் விழும்படி பேசுகிறார்கள். ஒர்னெல்லாவும் நம்புகிறாள். நான் மட்டும் நம்பவில்லை.

செராஃபினா

*

மிர்ட்டில்ஃபோர்ட்
17 மார்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உங்களிடம் சுற்றி வளைக்கக் கூடாது.

ஹேண்டில்பாரின் கழுத்துக்குள் ஒயர் கட்டு ஒன்று போகிறது. வண்டி திரும்பும்போதெல்லாம் அது இரும்பில் உரசும். உரசி உரசி மேல்தோல் போய்ச் செம்பு வெளியே வந்துவிடும். ஓடும்போது அது இரும்பில் பட்டால் விளக்கும் என்ஜினும் சேர்ந்து அணைந்துவிடும். சாவியை எடுத்த பிறகும் ஹாரன் ஒயரில் மின்சாரம் இருக்கும். பகல் சூட்டில் விரிந்த இரும்பு சாயங்காலம் சுருங்கும்போது அந்த ஒயர் பட்டு விலகும். அதுதான் நீங்கள் கேட்கும் சத்தம்.

ரெனாட்டோ வேகமாகப் போகவில்லை அம்மா. அவன் வண்டி அணைந்துவிட்டது. லாரிக்காரன் விளக்கைப் பார்க்கவில்லை என்றால், பார்க்க விளக்கே இல்லை.

ஆனால் நிரூபிக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் நாங்கள் எல்லோரும் செய்த முட்டாள்தனம், அவரவர் வண்டியை அவரவரே திறந்து டேப் சுற்றி ஒட்டிவிட்டோம். வண்டிக்காரன் கை சும்மா இருக்குமா? இப்போது கம்பெனி சொல்கிறது, நீங்கள் நோண்டித்தான் கெட்டது என்று. யாரும் கை வைக்காத வண்டி உங்களுடையது ஒன்றுதான் இருக்கிறது.

அரசாங்க ஆளும் கம்பெனி ஆளும் வந்து அதைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் ஹாரன் நின்றுவிடும். அதை மறைத்து உங்களிடம் கேட்க என்னால் முடியாது. முடிவு உங்களுடையது.

சில்வானோ

*

மிர்ட்டில்ஃபோர்ட்
9 ஏப்ரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் இல்லை. கோபம் என்று தெரிகிறது. வற்புறுத்துவதற்காக எழுதவில்லை. தூமுட் ஊர்ப் பக்கம் ஒரு பெண் இதே வண்டியில் விழுந்து கால் ஒடிந்து கிடக்கிறாள். விளக்கு போய்விட்டது என்று சொல்கிறாளாம். உங்களிடம் மறைத்தேன் என்று பின்னால் வரக் கூடாது, அதனால் சொல்கிறேன். வருஷப் பூசை நல்லபடியாக நடக்கட்டும்.

சில்வானோ

*

கிரிஃபித்
21 ஏப்ரல்

சில்வானோ,

கோபம்தான். அடுப்பில் போட இருந்தேன் உன் கடிதத்தை. பெற்ற தாயே பேய் என்றாள், பொறுத்துக்கொண்டேன். நீ வந்து ஒயர் என்கிறாய். இவ்வளவு நாள் நான் ஒரு செம்புக்கம்பிக்கா பதில் சொன்னேன்? சோளக்களி மூளை!

ஐந்தாம் வகுப்புக்காரிக்கு இரும்பு சுருங்குவது புரியாது என்று நினைக்காதே. தகரம் சாயங்காலம் படபடவென்று வெடிப்பதை நாற்பது வருஷமாகக் கேட்கிறேன். புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டம்.

நேற்று பூசை முடிந்தது. சாமியார் பிரசங்கத்தில், வாலிபர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அவன் பெயரைச் சொல்லியே சொன்னார். பீடத்துக்கு முன்னால். ஒர்னெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கால் வலித்தும் எழுந்து நின்றேன். ஆனால் காட்ட என் கையில் ஒரு சாட்சியும் இல்லை.

கம்பெனி ஆளை வரச் சொல். குளிர் இறுகிவிட்டால் தகரம் சூடாகாது, ஹாரனும் கேட்காது; அதற்கு முன் வரட்டும். ஒரு நிபந்தனை. கம்பெனி ஆள் வந்ததும் திருப்புளியை எடுக்கக் கூடாது. என் மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவன் காதால் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் திறக்கலாம்.

செராஃபினா

*

கிரிஃபித்
6 ஜூலை

அன்புள்ள தம்பி சில்வானோவுக்கு,

புகார் கொடுத்தவர்கள் வண்டிப் பக்கமே வரக் கூடாது என்று உங்களை நிறுத்திவிட்டார்கள். அதனால் அன்றைக்கு நடந்ததை நானே சொல்ல வேண்டும். இத்தனை நாள் எழுத முடியவில்லை.

அரசாங்கத்திலிருந்து ஓர் அம்மாள், கம்பெனியிலிருந்து ஓர் இளைஞன். மர்ச்செல்லோ வயதுதான் இருக்கும். "பாட்டி, நாங்க வேலையா வந்திருக்கோம்" என்றான். "வேலைக்காரனுக்குப் பசிக்காதா? உக்காரு" என்றேன். கத்தரிக்காய் வைத்தேன். அந்த அம்மாள் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள். அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் சாய்ந்தது. தகரம் வெடிக்கத் தொடங்கியது. ஹாரன் இல்லை. "ரொம்ப நேரமாச்சே" என்றான் அவன். ஒர்னெல்லா என்னைப் பார்த்தாள். தம்பி, அப்போது இரண்டு விதமாகவும் வேண்டிக்கொண்டேன். வா என்றும், வராதே என்றும்.

வந்தான்.

என்னையறியாமல், "வந்துட்டியா? கையைக் கழுவிட்டு வா" என்றேன். கம்பெனிப் பையன் திடுக்கிட்டுத் தன் கைகளைப் பார்த்தான். எழுந்து போய்க் குழாயில் கழுவிக்கொண்டு வந்தான்! யாரும் சிரிக்கவில்லை.

அவனேதான் டேங்கைக் கழற்றினான். நான் அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மேல்தோல் போன ஒயரை அந்த அம்மாளுக்குக் காட்டினான். பிறகு மெதுவாக, "ஓடுறப்போ எல்லாமே அணைஞ்சிருக்கும்" என்றான். அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள். ஒர்னெல்லா அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவனைத் திட்டினேம்மா. கல்லறைக்கு ஒவ்வொரு ஞாயிறும் போயி, ஏன்டா பறந்தேன்னு திட்டினேன்" என்றாள். பெற்ற மகளை அப்படி மடியில் கிடத்தி எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டது.

வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன மாதம் போலீஸ் தாளில் வேகம் என்ற வார்த்தையை அடித்துவிட்டார்கள். சாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்தே படித்தார். வாசல் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் பிடிக்க விட்டேன். கம்பெனியின் கடிதமும் எல்லோருக்கும் வந்ததாம், வண்டியை உடனே நிறுத்துங்கள், இலவசமாகச் சரிசெய்கிறோம் என்று. எங்கள் வீட்டுக்கும் வந்தது, ரெனாட்டோ பெயருக்கு. நிறுத்தித்தான் இருக்கிறான்.

சாயங்காலங்களில் தகரம் வெடிக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஒருநாள் ஒர்னெல்லா துணி எடுக்க வெளியே போனவள் ஷெட் பக்கம் திரும்பி, "வந்துட்டியா?" என்று அவளே கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

இனி ஒரு வேலை பாக்கி. எங்களில் கல்லறைக்கல்லை முகமில்லாமல் விடமாட்டார்கள். பீங்கானில் படம் சுட்டுப் பதிப்பார்கள். வருஷம் தாண்டியும் அவன் கல் மட்டும் வெறுமையாக நிற்கிறது. கல்தச்சர் கேட்கும்போதெல்லாம் நல்ல படம் இல்லை என்று நான்தான் தட்டிக் கழித்தேன். வீட்டுக்கு வருகிறவனுக்கு அங்கே எதற்குப் படம்? இப்போது கொடுக்க வேண்டும். எங்களிடம் இருப்பதெல்லாம் பள்ளிக்கூடத்துப் படம், மீசை முளைக்காத முகம். உங்கள் சங்கம் மலைக்குப் போனபோது அவனும் வந்திருந்தான் என்று தனியேலா சொல்கிறாள். அன்று எடுத்ததில் ஹெல்மெட் இல்லாமல், சிரித்தபடி இருப்பது ஒன்று கிடைத்தால், புதிதாகப் பிரதி போட்டு, மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் அனுப்புங்கள், தம்பி.

இப்படிக்கு,
ரெனாட்டோவின் பாட்டி
செராஃபினா