எங்கும் இருப்பவரும் என் செருப்பும்

அரியூர் நாடு, கொல்லிமலை
1931 அக்டோபர்

பிரியமுள்ள ஞானப்பூவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமா? உன் இருமல் நின்றதா?

எனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. கால்தான் கொஞ்சம் புண். பயப்படாதே, எல்லாம் என் வாயால் வந்த வினை. இந்த மலைக்காரர்கள் சாமி இருக்கிற இடத்தில் செருப்புப் போடமாட்டார்கள். அதை யோசிக்காமல், போன ஞாயிறு பிரசங்கத்தில் தேவன் எங்கும் இருக்கிறார் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். மறுநாள் தினைக்காட்டு வழியில் பெருமாயி என்கிற அம்மாள் என்னை மறித்துக்கொண்டார்.

"ஏனுங்க உபதேசியாரே, உங்க சாமி எல்லாப் பக்கமும் இருக்குதுன்னீங்களே, அப்புறம் எந்தப் பக்கமுங்க செருப்புப் போட்டு நடக்கறது?"

"அவர் ஆவியாயிருக்கிறார் அம்மா, காலில் மிதிபடமாட்டார்" என்றேன்.

"அப்படின்னா இந்தக் காட்டுல இல்லீங்களா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? கழற்றினேன். இப்போது செருப்போடு போனால் ஒருவரும் பாடம் கேட்க உட்காருவதில்லை. அன்புள்ளவர், நீதியுள்ளவர், நீடிய பொறுமையுள்ளவர் என்று தொண்டை வறளச் சொன்னேனே, அதையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார்கள்! பொறுமை தேவனுக்கு இருக்கலாம், எனக்கு இல்லை.

புதுச் செருப்பு வாங்கி அனுப்பாதே. என் பெட்டியில் இருக்கும் முள்வாங்கியை அனுப்பு. குதிகாலில் ஏறிய முள் நகத்துக்கு அகப்படவில்லை. சேந்தமங்கலம் சந்தைக்கு இறங்குகிறவர் கடிதத்துக்காக வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார்.

எங்கும் இருக்கிறவர் இங்கேயும் இருக்கிறார்தான். காலை மடியில் வைத்து முள்ளெடுக்க நீதான் இல்லை.

உன்
வேதமாணிக்கம்