மாட்டை விசாரித்த மகனுக்கு

எலவனாசூர்கோட்டை

அன்பு மகன் பழனிக்கு, எலவனாசூர்கோட்டை முதல் கல்வராயன் மலை உச்சி வரை ஒரு கிழிந்த குடையின் கீழ் ஆண்டுவரும் உன் சித்தப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் உன் சின்னம்மா ஜெயம்மாளும் என் மூட்டுவலியும் ஒருவரையொருவர் அனுசரித்து நலம். அங்கு நீயும் உன் பம்பாய் மூட்டைப்பூச்சிகளும் நலமாக இருக்க மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்தது. மாடு கன்று போட்டதா என்று கேட்டிருந்தாய். போட்டது, கிடாரி. அது கத்தினால் மூங்கில்துறைப்பட்டு ஆலையில் சங்கு ஊதிவிட்டதென்று ஆட்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மழையைக் கேட்டிருந்தாய், மல்லாக்கொட்டை விலையைக் கேட்டிருந்தாய், என் மூட்டைக்கூடக் கேட்டிருந்தாய். உன் பெண்சாதி கண்ணகிதான் எங்களுக்குப் படித்துக் காட்டினாள். முடித்த பிறகு பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள் பாரு, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

திட்டுகிறேன் என்று நினைக்காதே. மூச்சில்லாமல் பிறந்த பிள்ளையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது நம் ஊர்க் கட்டளை. தந்தி கிடைத்தும் முதலாளி லீவு தரவில்லை, நீயும் வாயை மூடிக்கொண்டாய். அன்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நானும் வழக்கப்படி உன் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு புதைக்கக் கிளம்பினேன். அமிர்தம் என்று ஒரு நர்சம்மா, என் தோள் உயரம்கூட இல்லை, வழிமறித்து ஒரு பார்வை பார்த்தார், கல்வராயன் மலையே ரெண்டடி பின்னால் போனது, நான் எம்மாத்திரம். உன் சின்னம்மா, வாணாம்மா, பாத்தா மறக்கமாட்டா என்று அழுதாள். மறக்கறதுக்கா பத்து மாசம் சுமந்தா, அவளையே கேளுங்க என்றார் நர்சம்மா. கேட்டோம். கண்ணகி கையை நீட்டினாள். பிள்ளையைத் துடைத்து, அவள் தைத்து வைத்திருந்த மஞ்சள் சட்டையைப் போட்டு மடியில் கொடுத்தார். மற்றப் பிள்ளைகளின் அழுகை கேட்காத கோடிக்குக் கட்டிலைத் தள்ளிப் போட்டார். பால் கட்டும், வலிக்கும், பயப்படாதே என்று முன்னாலேயே சொல்லிவைத்தார். இன்னா கொழந்த, மிட்டாய் எங்க என்று கேட்டு வருகிறவர்களைத் தடுக்க என்னை வாசலில் காவல் போட்டார்.

அந்த உத்தியோகத்தை நான் இன்னும் விடவில்லை. பக்கத்து வீட்டுச் சாலம்மாள் வந்து, போனா போவுது, அடுத்த வருசம் ஒண்ணு பெத்துக்கினா சரியாப்பூடும் என்றாள். நான் உறுமிய உறுமலில் ஓடியவள் உளுந்தூர்பேட்டையில்தான் நின்றிருப்பாள், செருப்பு இன்னும் நம் வாசலில் கிடக்கிறது. ஊரை விரட்டிவிடலாம் மகனே, நீ பேசாமல் இருப்பதை எந்தக் கழியால் விரட்டுவது? போன வாரம் அந்த நர்சம்மா பஸ் ஏறி வீட்டுக்கே வந்து, புள்ளையப் பத்திப் பேசறாளா என்று கேட்டார். நானும் உன் சின்னம்மாவும் மாட்டைப் பார்த்தோம். கண்ணகிதான் பேசினாள். அவருக்கு எம்மேல கோவம்போல, நான் சரியாப் பாத்துக்கலன்னு நெனச்சிக்கினு இருக்காரு, அதான் ஒரு வார்த்த கேக்கல என்றாள். யார் தப்பும் இல்ல என்று நர்சம்மா எத்தனை முறை சொன்னாலும் அதை நீ சொன்னால்தான் அவள் நம்புவாள்.

ஆகவே சக்கரவர்த்தியின் உத்தரவு இது. கிடைக்கிற முதல் லீவில் வா. அதற்கு முன்னால் கண்ணகி பேருக்கே தனியாக ஒரு கடிதம் போடு. என் பேருக்கு வந்தால் பிரிக்காமல் மாட்டுக்குப் போட்டுவிடுவேன். உனக்கு எழுத வரவில்லை என்று தெரியும், அழுகையாக வந்தால் அதையே எழுது. நீ நூறாயிசு இருந்து என்னைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்ல வேண்டும் என்று வாழ்த்துகிறேன். தலைக்கு எண்ணெய் வை.

ஒன்றை மட்டும் மறக்காமல் கண்ணகியிடம் கேள், பிள்ளை யார் சாடை என்று. பார்த்தவன்தான் நான், ஆனாலும் சொல்ல மாட்டேன். அதை உன்னிடம் சொல்லத்தான் அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு உன் சித்தப்பன்,
வாசல் காவல் அதிகாரி
காசிநாதன்