வேப்பமரத்தடி போனுக்கு நான் செய்தது

இன்று காலை உங்கள் யூனிட் போன் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் வெடிமருந்து வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. பழைய துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, கம்பெனியிலிருந்து பஸ்ஸில் போட்டு விட்டிருந்தார்கள். அடுத்த வாரம் பூஜை போட்டு யூனிட்டை மறுபடியும் திறக்கிறார்களாம். "கிளீன் பண்ணி, பழையபடி செட் பண்ணிக் குடுத்துருங்க" என்று மேனேஜர் போனில் சொன்னார். என் விரல் நுனியெல்லாம் பட்டாசுக்குப் போடும் வெள்ளிப்பொடி. சோப்புப் போட்டுக் கழுவியும் ரேகைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் கை எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நான் உட்கார்ந்து மடல் எழுதுகிறேன் என்றால் நீ நம்பவே மாட்டாய். பாலிடெக்னிக்கில் என் ரெக்கார்டு நோட்டையும் சேர்த்து எழுதியவன் நீ. படிப்பு முடிந்ததும் நீ ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு யூனிட்டில் போர்மேன் ஆனாய். நான் விருதுநகரில் போன் மாட்டும் கடை போட்டேன். உன் சிபாரிசில்தான் உன் கம்பெனி வேலை எனக்குக் கிடைத்தது.

உங்கள் யூனிட்டில் செல்போனுக்குத் தடை. கேட்டில் வாட்ச்மேன் அறை மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதனால் ஷெட்டுப் பக்கங்களில் பழைய மேசை போன்கள் இருந்தன. அவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து, இன்டர்நெட் வழியாகச் சிவகாசி ஆபீசோடு பேச வைக்கிற கேட்வே பெட்டிதான் இது. ஒவ்வொரு போனுக்கும் அதில் ஒரு துளை. எந்த போன் எங்கே அடிக்க வேண்டும் என்பதை லேப்டாப்பில் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து சொல்லித்தர வேண்டும். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒருநாள் நீ கூப்பிட்டாய்.

"வேப்பமரத்தடி போன் இருக்குல்ல, அத எடுத்ததும் கேட்டுல மணி அடிக்கணும்லே. அங்கன நிக்கிறவன் கையெல்லாம் மருந்து. அவன் நின்னு நம்பர அமுக்கிக்கிட்டு இருப்பானா?"

அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் மருந்து காயப்போடும் மேடை, அந்தப் பக்கம் மருந்து கலக்கும் ஷெட்டுகள். புகை கிளம்பினால் வாட்ச்மேன் பெரிய மணியை அடிப்பான், எல்லா ஷெட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே ஓடுவார்கள். அவனுக்குச் செய்தி போக வேண்டிய வழி அந்த ஒரு போன்தான். அன்று மத்தியானம் வந்தேன். வாட்ச்மேன் அறையில் லேப்டாப்பை மாட்டி, பக்கத்தைத் திறந்து, வேப்பமரத்தடி போனுக்கான நான்காவது துளைக்கு நேரே வாட்ச்மேன் போன் எண்ணை எழுதினேன். 'அப்ளை' என்ற பொத்தானை அமுக்கினேன். நீயே வேப்பமரத்துக்கு ஓடிப்போய் ரிசீவரை எடுத்தாய். வாட்ச்மேன் போன் உடனே அலறியது. எனக்கு ஒரே பெருமை. மரத்தடிக்கு வந்து, அந்த போனுக்கு மேலே ஒட்டியிருந்த நம்பர் சீட்டைக் கிழித்துக் கசக்கி, "இனிமே இது எதுக்குடா" என்றேன்.

அந்தப் பக்கத்தில் இன்னொரு பொத்தான் உண்டு, 'சேவ்'. 'அப்ளை' அமுக்கினால் மாற்றம் அப்போதே வேலை செய்யும். ஆனால் கரண்ட் போனால் பெட்டி அதை மறந்துவிடும். 'சேவ்' அமுக்கினால்தான் நினைவில் வைக்கும். திரும்பிப் போய் அதை அமுக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். நீ தூக்குவாளியைத் திறந்துவிட்டாய். "வாலே, கொழம்பு ஆறுது. பொட்டியக் கட்டிக்கிட்டு அழுதது போதும்." உன் மனைவி வைத்த கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டோம், சிரித்தோம், லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வேறு எந்த ஆபீசிலும் இது ஒரு தப்பே இல்லை. பெட்டி பாட்டரியில் வருஷக்கணக்கில் அணையாமல் கிடக்கும். உங்கள் யூனிட்டில் சாயங்காலம் கடைசி வேன் கிளம்பியதும் வாட்ச்மேன் மெயினை இறக்கிவிடுவான். ராத்திரி முழுக்க ஒரு பல்பு எரியாது, இந்தப் பெட்டியும் அணைந்துதான் கிடக்கும். மருந்து இருக்கிற இடத்தில் அதுதான் வழக்கம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் எழுந்து போனேன்.

மறுநாள் காலை மேடையில் முந்தின நாள் மிச்ச மருந்து புகைந்தது.

அங்கே காயப்போடும் வேலை பார்த்த மாரியக்கா, உன் பதினாறாம் நாளன்று என்னிடம் சொன்னார். "நாந்தேன் சத்தம் போட்டேன் தம்பி. அவுக ஓடி வந்து போனை எடுத்தாக. காதுல வச்சிக்கிட்டே, 'நீ போ, மணி அடிச்சிரும், எல்லாரும் வந்துருவாக'ன்னாக. நா ஓடிட்டேன். மணி அடிக்கவே இல்லையே. அப்பறம் அவுகளே ஒவ்வொரு ஷெட்டா ஓடி வெரட்டுனாக. கடைசி ஷெட்டுக்குப் போனவுக வரல."

நான் "ம்" என்றேன்.

விசாரணையில் வாட்ச்மேன் உள்ளதைத்தான் சொன்னான்: போன் வரவில்லை. முதல் அறிக்கையில் எழுதிவிட்டார்கள், போர்மேன் உரிய நேரத்தில் வாசலுக்குத் தகவல் தரவில்லை என்று. ஊரே அதைப் பேசியது. நான் பேசவில்லை. உன் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய் வந்தேன். கேஸ் சிலிண்டர் மாற்றிக் கொடுத்தேன், உன் மகளுக்குச் சைக்கிள் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தேன். நல்ல அண்ணன் என்று பெயர் வாங்கினேன். வேலைக்குப் போகிற இடத்தில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் நம்பரை அமுக்கச் சொல்கிற அந்தக் 'கொர்ர்' சத்தம் வரும். அதைத்தானே நீயும் கேட்டிருப்பாய். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் நீ மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கும். உடனே வைத்துவிட்டு, லைன் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வருவேன்.

இன்று பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. பக்கம் திறந்தது. மற்ற துளைகளுக்கு நேரே எல்லாம் ஒழுங்காக இருந்தது. நான்காவதுக்கு நேரே வெறும் வெள்ளைக் கட்டம். உன்னிடம் பொய் சொல்ல முடியாது, அதில் அந்த எண்ணைத் தட்டிவிட்டேன். 'சேவ்' மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், இந்த ஜென்மத்தில் யாருக்கும் தெரியாது. பிறகு எண்ணை அழித்தேன். வெறும் கட்டத்தை அப்படியே போட்டோ எடுத்தேன். பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன்.

உன் மனைவி ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை. வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள், என்னை ஏசுவாள் என்று பயந்து போயிருந்தேன். இரண்டும் செய்யவில்லை.

"போனை எடுத்துக்கிட்டு எம்புட்டு நேரம் நின்னிருப்பாக?" என்று மட்டும் கேட்டாள்.

"மூணு நாலு செகண்டு இருக்கும்மா."

"அம்புட்டு நேரமும் உங்கள நம்பிக்கிட்டு நின்னிருக்காக."

துண்டில் சுற்றிய பெட்டியை வாசற்படியில் வைத்தேன்.

"பாப்பா பள்ளிக்கூடத்துல சண்ட போட்டு வந்தா அண்ணே. எங்கப்பா போன் பண்ணுனாருன்னு சொல்லிருக்கா. தெரியாதத எதுக்குப் பேசுறன்னு நாந்தான் அவள அடிச்சேன்." உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். "மாமா ஒண்ணு சொல்லணுமாம். கேளு."

அவள் வந்து நின்றாள், உன் நெற்றி, உன் முறைப்பு. "உங்கப்பா போன் பண்ணுனாருத்தா. நாந்தான் அத மணி அடிக்காத மாதிரி விட்டுட்டுப் போயிட்டேன்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் அம்மாவைப் பார்த்தாள். "நான் சொன்னேன்ல" என்றாள்.

விசாரணை அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளை காலை அதைக் கொடுக்கப் போகிறேன், உன் மனைவியும் வருகிறாள். ஒரே பஸ்தான், தள்ளித்தான் உட்காருவாள். இனி அண்ணே என்று கூப்பிடுவாளா என்று தெரியவில்லை, கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. உன் பெயரில் எழுதியதை அவர்கள் அடித்துவிடுவார்கள். என் மீது என்ன எழுதினாலும் எழுதட்டும். ஆனால் சுற்றிலும் புகை, ஓட நேரம் இருந்தது, நீ ஓடவில்லை. நான் போட்ட போன் அடிக்கும் என்று மூன்று நான்கு நொடி அப்படியே நின்றாய். அந்த நொடிகளை யாரிடமும் எழுதிக் கொடுத்து இறக்கி வைக்க முடியாதுடா.