சிவப்புக் கட்டிய செடி

மார்ச் 3, செவ்வாய்
காலையில் மூடுபனி. பத்து மணிக்குமேல் வெயில். நதீஷாவை ஏழாம் நம்பர் மலைக்குக் கூட்டிப் போனேன். கண்டியில் படிக்கிற பிள்ளை, காட்டுச் செடி ஆராய்ச்சி. இரண்டு நாள் ஓடைக்கரை முழுக்கத் தேடியது இன்று கிடைத்தது. என் இடுப்பு உயரத்தில் ஒரு செடி. இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குச் சுப்பவைசராக வந்த நாளிலிருந்து தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. வெள்ளைப் பூ, நாலு இதழ், நடுவில் குஞ்சம் குஞ்சமாக நூல். இலையை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள். கொய்யா, ஜம்பு, கராம்பு எல்லாம் இதற்குச் சொந்தமாம். பேர் யூஜீனியா. அதற்குப் பின்னால் இன்னொரு பேர், வாயில் நுழையவில்லை.

இந்தப் பக்கத்தில் அவள் கண்ணில் பட்டது இது ஒன்றுதானாம். காய் பழுத்ததும் விதைக்கு வருவாள். அதுவரை யாரும் தொடக்கூடாது, அடையாளம் கட்டிவை என்றாள். வெள்ளிக்கிழமை நீல ரிப்பன் கொண்டுவந்து கொடுப்பாளாம்.

வியாழன் அந்த மலையில் களை பிடுங்கும் துப்புரவு வேலை. அதனால் நாலு மணிக்கு நானே போய்க் கட்டினேன். பையில் இருந்தது தைத்து மிஞ்சிய சிவப்புத் துணி. எங்கள் தோட்டத்தில் சிவப்பு கட்டினால் வேரோடு பிடுங்கு என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா? வேர் அழுகின தேயிலைக்கெல்லாம் கட்டுகிறவளே நான்தான். வேறு நிறத் துணிக்காக ஸ்டோருக்கு இறங்கி ஏறச் சோம்பல். வியாழன் காலை பெரட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும்போது வாயால் சொல்லிவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

நாளைக்கு: சடங்குச் சாமான், டோர்ச் பேட்டரி, லீவுத் துண்டு.

மார்ச் 5, வியாழன்
நேற்று அலுவிகாரையில் சின்னம்மா பேத்தியின் சடங்கு. நல்ல சாப்பாடு, நல்ல பேச்சு, அங்கேயே தூங்கிவிட்டேன். பெரட்டு நினைவே இல்லை. காலையில் பஸ்ஸில் வரும்போதுதான் சிவப்புத் துணி ஞாபகம் வந்தது.

மலை ஏறும்போது பதினொரு மணி. செடி நின்ற இடத்தில் குழி. செல்லம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். துப்புரவு ஆள்களில் மூத்தவர். என்னைப் பார்த்ததும் பெருமையாகச் சொன்னார்: "சின்னச் செடின்னு நெனச்சேன் விஜி, என்னா வேருங்கற. அலவாங்குக் கம்பி போட்டுத்தான் கெளப்புனேன்."

சரி என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் குப்பையில் கிடந்த செடியிலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்துப் பையில் போட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்று எழுத வந்தேன். பொய். யோசித்துத்தான் செய்தேன்.

மார்ச் 6, வெள்ளி
தூறல். நதீஷா ரிப்பனோடு வந்தாள். குழியைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவே இல்லை. வாடிய கொப்புகளைப் பொறுக்கி ஈரப் பேப்பரில் சுற்றினாள். ஒரு கொப்பில் இன்னும் மொட்டு இருந்தது.

தோட்டத்து மானேஜர் துரை எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். செல்லம் அக்கா தானாக முன்னே வந்தார். "செவப்பு கட்டியிருந்துச்சுங்க தொரை, அதான் புடுங்குனேன்."

துரை என்னைப் பார்த்தார். "நான் ஒண்ணும் கட்டலிங்க சேர்" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

குப்பையைக் கிளறித் தேடினார்கள். எங்கே கிடைக்கும்? பின் வரிசையில் ஒருத்தி, கெழவிக்கு எல்லாமே செவப்பாத் தெரியுது என்றாள். சிரிப்பு. செடியைப் பிடுங்கியதற்கு இல்லை, பொய் சொன்னதற்கு என்று சொல்லி அக்காவை இரண்டு வாரத்துக்கு வேலையிலிருந்து நிறுத்திவைத்தார் துரை.

மார்ச் 8, ஞாயிறு
துணி துவைத்தேன். தலைக்குக் குளித்தேன். கோழிக்கறி வைத்தேன், இறங்கவில்லை. நதீஷா மெசேஜ்: கொப்புகளை மணலில் நட்டிருக்கிறாளாம், வேர் பிடிக்குமா தெரியாதாம். கைகூப்புகிற படம் ஒன்று அனுப்பினேன். வெட்கம் கெட்டவள்.

அக்கா இருக்கிற லயத்து வீட்டுப் பக்கம் போகாமல் சுற்று வழியில் கடைக்குப் போனேன்.

மார்ச் 9, திங்கள்
அக்காவே வாசலுக்கு வந்துவிட்டார். சண்டைக்கு என்று நினைத்தேன். சண்டையாகவே இருந்திருந்தால் தேவலை.

"எனக்குக் கண்ணு போயிருச்சு போல விஜி. எல்லாரும் இல்லங்கறாங்க. எனக்குச் செவப்பாத்தான் தெரிஞ்சுச்சு. டவுன்ல கண் கிளினிக்குக்குக் கூட வாறியா? எனக்குச் சிங்களம் சரியா வராது."

வருகிறேன் என்றேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன். அவர் அப்படியே குடித்தார்.

மார்ச் 11, புதன்
கடும் வெயில். மாத்தளை. கிளினிக்கில் மூன்று மணி நேரம் வரிசை. டாக்டர் எழுத்துப் பலகை காட்டினார், நிறப் புள்ளிப் புத்தகம் காட்டினார். அக்கா சொல்லச் சொல்ல நான்தான் சிங்களத்தில் மாற்றிச் சொன்னேன். இது பச்சை. இது மஞ்சள். இது சிவப்பு. ஒன்றும் தப்பவில்லை. இந்த வயதுக்கு அருமையான பார்வை என்றார் டாக்டர்.

அக்கா சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன், இல்லை. ஊர் திரும்பப் பல்லேகம பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். அக்கா மெதுவாகச் சொன்னார்:

"கண்ணு நல்லா இருக்குன்னா, புத்திதான் கெட்டுப்போச்சு. எங்கம்மாவுக்கும் கடைசில இப்படித்தான் இல்லாததெல்லாம் தெரிஞ்சுச்சு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். "செவப்புதாங்கக்கா. நான்தான் கட்டுனேன். நான்தான் அவுத்து ஒளிச்சேன்."

நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பெரிதாக மூச்சு விட்டார். அவ்வளவு நிம்மதி அந்த முகத்தில். சிரிக்கக்கூடச் செய்தார். இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் சிரிப்பு நின்றது. பையை எடுத்துக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

தோட்டத்தில் இறங்கியதும் பின்னாலேயே ஓடினேன். மன்னிச்சிருங்கக்கா, மன்னிச்சிருங்கக்கா என்று அதையே சொன்னேன். அவர் நின்றார். திட்டவில்லை.

"என்கிட்ட சொல்லி என்னா புண்ணியம்? அது செவப்புன்னு எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே. தெரியாதவங்க பெரட்டுல நிப்பாங்க, அங்க வந்து சொல்லு."

நாளை பெரட்டு ஆறரைக்கு.