போக விடுகிறோம்

ஹார்லன் கிரீக், நெப்ராஸ்கா
நவம்பர் 3, 2019

மதிப்பிற்குரிய டோரீன் டீச்சர் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அரிசோனா வெயிலில் உங்கள் தங்கையோடு நன்றாக இருப்பீர்கள், முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். கள்ளிச்செடி படம் போட்ட உங்கள் அட்டை செவ்வாய்க்கிழமை வந்தது. சம்பள உயர்வு கிடைத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு சிரித்த முகமும் வரைந்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு ஸ்பானிஷ் படிக்கத் தெரியும் என்பதால் என் மொழியிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் என் கோபம்கூட மரியாதையாகிவிடுகிறது.

வசந்த காலத்தில் ஆறு வாரம் நீங்கள் எங்களுக்குப் பணத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொடுத்தீர்கள். கூலி, சம்பளம், பிடித்தம், கூடுதல் நேரம் என்று பலகை நிறைய எழுதினீர்கள். பணத்தைப் பற்றிப் பேசும்போது தரையைப் பார்க்காதீர்கள், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள் என்றீர்கள். கடைசி வாரம் கழுத்தில் ஒரு டையைக் கட்டிக்கொண்டு நீங்களே மேனேஜராக உட்கார்ந்தீர்கள். நாங்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டோம். அன்று சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒன்பது பேருக்கும் சம்பளம் உயர்ந்தது.

ஆகஸ்ட் எட்டாம் தேதி, வியாழக்கிழமை, நான் சலவை ஆலையில் மேனேஜர் டெனிஸ் அவர்களின் அறைக் கதவைத் தட்டினேன். ஆறு வருடம் அங்கே ஆஸ்பத்திரி படுக்கை விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்திலிருந்து வாங்கி மடித்துக்கொண்டிருந்தவள், அந்த அறைக்குள் கால் வைத்தது அதுவே முதல் முறை. நீங்கள் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களை ஒரு சொல் தவறாமல் சொன்னேன். ஆறு வருடமாக வேலை செய்கிறேன், ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை, என் சம்பளத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன், மணிக்கு ஒரு டாலர் கூட்டித் தர முடியுமா என்று கேட்டேன். அதன் பிறகு நீங்கள் சொல்லித்தராத ஒரு வாக்கியத்தை நானே சேர்த்துக்கொண்டேன். மடிப்பு மேசையில் இருக்கிற பதினோரு பெண்களுக்கும் இதே சம்பளம்தான் என்றேன். அது என் தவறு. அதை உங்கள் கணக்கில் எழுதமாட்டேன்.

அவர் கோபப்படவில்லை. எங்கே இவ்வளவு நல்ல ஆங்கிலம் கற்றாய் என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உங்கள் பெயரைச் சொன்னேன், சர்ச்சின் பெயரைச் சொன்னேன், நம் வகுப்பில் இந்த ஆலையிலிருந்தே ஆறு பேர் இருக்கிறோம் என்று ஒவ்வொருவர் பெயரையும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். நிறையப் பேசினார். இந்த வருடம் எல்லோருக்குமே இறுக்கமாக இருக்கிறது என்றார். என்ன இறுக்கம் என்று தெரியாமல் தலையாட்டினேன். கடைசியில் சொன்ன இரண்டு மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. உன்னைப் போக விடுகிறோம் என்றார். உனக்கு ஒரு பேக்கேஜ் உண்டு என்றார். பேக்கேஜ் என்றால் பார்சல் என்று நீங்கள் தபால் நிலையப் பாடத்தில் சொல்லியிருந்தீர்கள். ஒரு தாளை நீட்டினார். முழுப் பெயர் எழுதி, மாதத்தை முதலில் போட்டுத் தேதி எழுதிக் கையெழுத்திட்டேன். நன்றி என்று இரண்டு முறை சொன்னேன், டீச்சர்.

பிற்பகல் இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போகவிட்டார்கள் என்று, என் பக்கத்தில் மடிக்கிற, நம் வகுப்புக்கும் வந்த சுல்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் பாலாடைக்கட்டியும் சோள மாவும் வாங்கினேன். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுப் புபூசா சுட்டுப் போட்டேன். என் வீட்டுக்காரர் ரெனே என்னை விட்டபாடில்லை. "முதலாளியம்மா, உங்க ஆபீஸ்ல எனக்கும் ஒரு வேலை போட்டுக் குடுப்பீங்களா? கதவு தொறக்கறதுக்காச்சும் ஆள் வேணுமில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பார்சலில் என்ன வரும் என்று பெரிய விவாதம். கோழி வரும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். டெனிஸ் சொன்னதை அவர் குரலிலேயே, ஆங்கிலத்திலேயே, எல்லோருக்கும் நடித்துக் காட்டினேன். அவர்கள் கைதட்டினார்கள். என் மகள் நொயெமி மட்டும் தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துவிட்டு, நாளைக்குப் பரீட்சை என்று சொல்லி அறைக்குப் போய்விட்டாள். ஆகஸ்டில் பள்ளி திறந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. என்ன பரீட்சை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆலையில் என் நுழைவு அட்டைக்கு வாசல் திறக்கவில்லை. மூன்று முறை தேய்த்தேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அட்டை கெட்டுப்போயிருக்கும் என்று சிரித்தபடி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். காவலாளி எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். உள்ளே என் வேலைச் செருப்பும் காபிக் குவளையும் இருந்தன.

"உங்களுக்கு யாரும் சொல்லலியாக்கா? நேத்தோட உங்களுக்கு இங்க வேலை முடிஞ்சுபோச்சு. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார்.

வரிசையில் நின்ற பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். சுல்மாவும் போனாள்.

வீட்டுக்கு வந்து நொயெமியை எழுப்பினேன். போக விடுகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் போர்வையை முகத்திலிருந்து எடுக்காமலே பேசினாள்.

"வேலைய விட்டு அனுப்பறோம்னு அர்த்தம்மா. கொஞ்சம் மரியாதையா சொல்றது."

"நேத்தே தெரியுமாடி உனக்கு?"

"தெரியும். நீ எல்லார் முன்னாடியும் அப்படிச் சிரிச்சிட்டு நின்னே. நான் எப்படிம்மா சொல்றது?"

ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை. பிறகு பேசினேன். பதினாறு வயதுப் பெண், அவளிடம் எத்தனை நாள் கோபித்துக்கொள்வது.

அந்தத் தாளை அவள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள். வேலையை நானே என் விருப்பத்தில் விட்டுவிட்டதாக அதில் எழுதியிருந்தது. பேக்கேஜ் என்றால் ஒரு வாரச் சம்பளம். வேலை போனவர்களுக்கு மாநிலம் கொடுக்கும் உதவிக்கு மனுப் போட்டோம். தானாக வேலையை விட்டவர்களுக்குக் கிடையாது என்று அக்டோபரில் பதில் வந்துவிட்டது. ரெனே இப்போது இரண்டாவது ஷிப்டும் பார்க்கிறார். அவர் என்னை இப்போதெல்லாம் கிண்டல் செய்வதில்லை.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். செப்டம்பரில் ஆள் வராததால் வகுப்பு நின்றுவிட்டது என்று அட்டையில் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். சம்பள உயர்வு கிடைத்துவிட்டதால்தான் நானும் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். யாருக்கும் ஆங்கிலம் சலித்துப்போகவில்லை, டீச்சர். ஆலையில் மீதி இருந்த ஐந்து பேரையும் டெனிஸ் தனித்தனியாகக் கூப்பிட்டு, வேலை முடிந்து சாயங்காலங்களில் எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தாராம். பெயர்களைக் கொடுத்தவள் நான்தான். சுல்மாவைக் கடையில் பார்த்தேன். தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே, நிமிராமல், "உன் இங்கிலீஷ் உன்னோடவே இருக்கட்டும் எர்மெலிந்தா, எங்க புள்ளைங்க சாப்பிடணும்" என்றாள். அவளிடம் எனக்குக் கோபமில்லை.

உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. கெட்ட எண்ணம் உங்களுக்கு இல்லை என்று தெரியும். எங்களுக்காக வாரத்துக்கு இரண்டு நாள் பனியில் கார் ஓட்டி வந்தவர் நீங்கள். ஆனால் பணம் வரும்போது சொல்கிற சொற்களை மட்டும்தான் கற்றுக்கொடுத்தீர்கள். அது போகும்போது சொல்கிற சொற்கள் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள். என் மகளும் அப்படித்தான் நினைத்தாள்.

இப்போது ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை இருக்கிறது. பாத்திரம் கழுவவும் பரிமாறவும் ஆள் வேண்டுமாம். என்னைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒருவரின் பெயரை விண்ணப்பத்தில் எழுதச் சொன்னார்கள். ஆலையின் பெயரை எழுத முடியாது. உங்களைக் கேட்காமலே உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

வரும் வாரம் அங்கிருந்து ஓர் அம்மா உங்களை அழைப்பார். நான் சுத்தமானவள், நேரத்துக்கு வருகிறவள் என்று சொல்லுங்கள். ஆங்கிலம் நன்றாகப் புரியும் என்று சொல்லுங்கள். சம்பளத்தைப் பற்றி இவள் ஒருநாளும் கேட்கமாட்டாள் என்றும் மறக்காமல் சொல்லுங்கள்.

கடவுள் உங்கள் முழங்காலைக் குணமாக்கட்டும்.

உங்கள் மாணவி,
எர்மெலிந்தா சொலோர்சானோ